மைதானத்து வாயிலும் மக்களின் உணவும்



மக்கள் கூடும் இடத்திலே பண்டம் விற்போரும் கூடுவர். தேர் நிலையைவிட்டுப் புறப்படுமுன்பே பொரிகடலைக் கடைகள் வரிசையாக முளைத்துவிடும். பந்தாட்டம் நடைபெறும் இடத்திலே வேர்க்கடலையும் சுண்டலும் ஏந்தியவர் மதிலோரம் வந்து நிற்பர். இவர்களை யாரும் அழைப்பதில்லை. இவர்கள் இல்லாத கூட்டத்தையும் நாம் கண்டதில்லை. ஆயினும் உலகப் பெரும் பந்தயங்கள் நடைபெறும் மைதானங்களிலே இன்று நிலைமை வேறு. அங்கே எதை உண்பது, எதைப் பருகுவது, எந்தப் பெயர் பொறித்த ஆடையை அணிவது என்பனவற்றைக்கூடப் பந்தயத்துக்குப் பணம் கொடுத்த கம்பெனிகளின் ஒப்பந்தம் முடிவு செய்கின்றது. இந்த ஏற்பாடு எவ்வாறு வந்தது, இதில் நியாயம் எவ்வளவு, இதற்கு எல்லை எது என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம்.

பணம் கொடுக்கும் இக்கம்பெனிகளைப் 'புரவலர்' என்று குறிப்பிடுவது உண்டு. பழந்தமிழ்ப் புரவலர் பாணருக்கும் புலவருக்கும் பரிசில் வழங்கிப் புகழைப் பெற்றனர். இக்காலத்துப் புரவலரும் நாடுவது புகழையே. ஆனால் அதை முன்கூட்டியே விலை பேசி, பத்திரத்தில் எழுதி வாங்குகின்றனர். வாங்கிய புகழ் தமக்கு மட்டுமே உரியது, அதில் பிறர் பங்கு கொள்ளலாகாது என்பது அவர்கள் கொள்கை. இதைக் குறை கூறுமுன் இதன் காரணத்தை அறிதல் முறையாகும்.

1976-ஆம் ஆண்டில் கனடா நாட்டு மான்ட்ரியால் நகரம் ஒலிம்பிக் பந்தயங்களை நடத்தியது. பந்தயம் முடிந்தது, கடன் முடியவில்லை. அக்கடனைத் தீர்க்க 2006-ஆம் ஆண்டு வரை, அதாவது 30 ஆண்டுகள் பிடித்தன. இதைக் கண்ட பிற நகரங்கள் அஞ்சின. 1984-இல் அமெரிக்க நாட்டு லாஸ் ஏஞ்சலிஸ் நகரம் வேறொரு வழியைக் கையாண்டது. சில கம்பெனிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒரு வகைப் பண்டத்துக்கு ஒரு கம்பெனி என்று வரையறுத்து, பெருந்தொகைக்கு அந்தத் தனி உரிமையை விற்றது. முடிவில் 20 கோடி டாலருக்கு மேல் மிச்சமாயிற்று. அடுத்த ஆண்டிலேயே சர்வதேச ஒலிம்பிக் குழு இம்முறையை உலக அளவில் மேற்கொண்டது. மற்ற விளையாட்டுகளின் பெருஞ்சபைகளும் பின்னர் இவ்வழியே சென்றன.

தனி உரிமைக்கு விலை கொடுத்தவர் அதைக் காக்க விரும்புவது இயல்பு. நம் நாட்டிலேயே இதற்கு ஒரு சான்று உண்டு. 1996-ஆம் ஆண்டில் இந்தியா, பாகிஸ்தான், இலங்கை ஆகிய மூன்று நாடுகளும் சேர்ந்து உலகக் கோப்பைக் கிரிக்கெட் போட்டியை நடத்தின. அப்போட்டியின் அதிகாரபூர்வமான பானம் என்ற பெயரைக் கோக்கா-கோலா கம்பெனி விலை கொடுத்துப் பெற்றது. போட்டிக் கம்பெனியாகிய பெப்சியோ, அந்த 'அதிகாரபூர்வம்' என்ற சொல்லையே கேலி செய்து விளம்பரம் வெளியிட்டது. மக்கள் நினைவில் நிலைத்தது கேலிதான். ஒருவர் செலவில் மற்றொருவர் பெயர் பெற்றார். இவ்வாறு நிகழுமானால் மறுமுறை பணம் கொடுக்க யார் முன்வருவர்? எனவே தடை விதிகளும், அவற்றுக்குத் துணையாகச் சட்டங்களும் பிறந்தன.

விதி பிறந்ததில் தவறில்லை. அது வளர்ந்த விதமே கவலை தருகின்றது. 2003-இல் தென்னாப்பிரிக்காவில் உலகக் கோப்பைக் கிரிக்கெட் நடைபெற்றபோது, பானத்துக்குரிய புரவலர் பெப்சி. செஞ்சூரியன் மைதானத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய அன்று, கோக்கா-கோலா அருந்திய பார்வையாளர் ஒருவர் வெளியேற்றப்பட்டார். 2006-இல் ஜெர்மனியில் உலகக் கோப்பைக் கால்பந்து நடந்தது. ஸ்டுட்கார்ட் நகர மைதானத்துக்கு வந்த ஹாலந்து நாட்டு ரசிகர் பலர், தம் நாட்டு மதுபானக் கம்பெனி ஒன்றின் பெயர் பொறித்த ஆரஞ்சு நிறக் கால்சட்டைகளை அணிந்திருந்தனர். அப்போட்டியின் மதுபானப் புரவலர் வேறொரு கம்பெனி. ஆகவே வாயிலிலேயே அக்கால்சட்டைகளைக் களையச் செய்தனர். அவர்களும் உள்ளாடையுடனேயே அமர்ந்து ஆட்டத்தைக் கண்டனர். விளம்பரத் தந்திரம் கம்பெனியுடையது. மானம் இழந்தவர் ரசிகர்.

2012-இல் லண்டன் ஒலிம்பிக்கில் உணவே வழக்குப் பொருளாயிற்று. உருளைக்கிழங்கை நீளவாக்கில் அரிந்து பொரித்து, பொரித்த மீனோடு சேர்த்து உண்பது ஆங்கிலேயரின் பழைய வழக்கம். நமக்கு இட்டலியும் சட்டினியும் எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. ஆனால் அந்தப் பந்தயத்தின் உணவுப் புரவலர் மெக்டொனால்ட்ஸ் கம்பெனி. பொரித்த உருளைக்கிழங்கை விற்கும் தனி உரிமை அதற்கே அளிக்கப்பட்டிருந்தது. மைதானங்களில் மற்ற உணவுக் கடைக்காரர், மீனோடு சேர்த்தால் மட்டுமே அதை விற்கலாம்; தனியாக விற்கலாகாது. தம் சொந்த நாட்டில், சொந்தத் தலைநகரில், தம் அன்றாட உணவுக்கு இப்படியொரு விதியா என்று ஆங்கிலேயர் நகைத்தனர்.

லண்டனில் நகைப்போடு போயிற்று. பிரேசில் நாட்டிலோ பிழைப்பே கேள்விக்குரியதாயிற்று. அந்நாட்டின் பழைய தலைநகரம் சால்வடார். அங்கே தெருமுனைகளில் வெண்ணிற ஆடை உடுத்து, தலையில் துணி சுற்றி, மணிமாலை அணிந்த பெண்கள் 'அக்கராஜே' என்னும் பண்டத்தைச் செய்து விற்பர். அதன் செய்முறையைக் கேட்டால் நம் வீட்டு அடுக்களை நினைவுக்கு வரும். காராமணியை ஊறவைத்துத் தோல் நீக்கி அரைத்து, வெங்காயமும் உப்பும் சேர்த்து அடித்து, செம்பனை எண்ணெயில் உருண்டையாகப் பொரித்தெடுக்கின்றனர். பின்பு நடுவே பிளந்து இறாலும் மிளகாய்க் காரமும் வைத்துத் தருகின்றனர். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டு செல்லப்பட்ட மக்கள் தம்மோடு கொண்டு சென்ற உணவு இது. அவர்கள் தெய்வ வழிபாட்டிலும் இதற்கு இடமுண்டு. அடிமைக் காலத்தில் தெருவில் பண்டம் விற்றுச் சேர்த்த காசைக் கொண்டு தம் விடுதலையை விலைக்கு வாங்கிய பெண்களும் அந்நாட்டில் இருந்தனர். இத்தகைய வரலாறு உடையதாதலின், அக்கராஜே விற்கும் பெண்களின் தொழிலை 2005-ஆம் ஆண்டில் பிரேசில் அரசாங்கம் நாட்டின் பண்பாட்டுச் செல்வமாகப் பதிவு செய்தது.

சால்வடாரின் ஃபோன்டே நோவா மைதானத்தில் இப்பெண்கள் நெடுங்காலமாக விற்று வந்தனர். 2014 உலகக் கோப்பைக் கால்பந்துக்காக அம்மைதானம் இடித்துக் கட்டப்பட்டது. 2012 ஜூனில் பிரேசில் அரசாங்கம் இயற்றிய சட்டமொன்று, மைதானத்தைச் சுற்றி 2 கிலோமீட்டர் வரையில் தனி உரிமை எல்லை வகுக்க இடமளித்தது. முறையாக இயங்கிவரும் கடைகளுக்கு அதில் பாதுகாப்பு இருந்தது. அவை போட்டியோடு தொடர்பு கொண்டாடாதிருந்தால் போதும். ஆனால் கூடையும் அடுப்பும் தவிர வேறு முதல் இல்லாத பெண்ணின் நிலை என்ன? புதிய மைதானத்தில் தங்களுக்கு இடமில்லாமற் போகும் என்று கேள்வியுற்ற அப்பெண்கள் வாளாவிருக்கவில்லை. தங்கள் சங்கத்தின் மூலம் ஆயிரக்கணக்கானோரிடம் கையொப்பம் திரட்டினர். 2013 ஏப்ரலில் மைதானத் திறப்பு விழா நடந்தபோது வெள்ளாடையுடன் திரண்டு சென்று மனுவை அளித்தனர். நாட்டு மக்களும் அவர்கள் பக்கம் நின்றனர். முடிவில், 2013 ஜூனில் நடந்த முன்னோடிப் போட்டியின்போது அவர்களுள் ஆறு பேருக்கு மைதான வளாகத்தில் விற்க அனுமதி கிடைத்தது.

ஆறு பேர் என்பது சிறிய எண்ணிக்கை. ஆயினும் அவ்வெற்றி ஓர் உண்மையை நிலைநாட்டியது. காராமணி அரைத்து விற்கும் பெண், தான் உலகக் கோப்பையின் கூட்டாளி என்று எங்கும் பறைசாற்றவில்லை. எந்தக் கம்பெனியின் புகழையும் அவள் திருடவில்லை. போட்டி வருமுன்பே அவள் அங்கே இருந்தாள். போட்டி போனபின்பும் இருப்பாள். போட்டிக் கம்பெனியின் சூழ்ச்சிக்காக வகுத்த வேலி இவளைத் தடுக்குமானால், வேலி போட்டவர் அளவு தவறினர் என்றே கொள்ள வேண்டும். புரவலர் வாங்கியது பந்தயத்தின் பெயரை. பார்வையாளரின் வாயையும், உள்ளூராரின் அடுப்பையும் விற்க யாருக்கும் உரிமை இல்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 2010-இல் தில்லியில் காமன்வெல்த் விளையாட்டுகள் நடைபெற்றபோது, நகரை அழகு செய்வதற்காகத் தெருவோர வணிகர் பலர் அப்புறப்படுத்தப்பட்டனர். அதன் பின்னர், 2014-ஆம் ஆண்டில், தெருவோர வணிகரின் வாழ்வைக் காக்கும் சட்டம் ஒன்று பாராளுமன்றத்தில் நிறைவேறியது. விற்பனைக் குழு ஒன்றை ஒவ்வொரு நகரிலும் அமைக்க வேண்டும், அதில் 100-க்கு 40 பேருக்குக் குறையாமல் வணிகரின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அவர்களுள் மூன்றில் ஒரு பங்கினர் பெண்களாக இருக்க வேண்டும் என்று அச்சட்டம் கூறுகின்றது. 2030-ஆம் ஆண்டுக் காமன்வெல்த் விளையாட்டுகள் அகமதாபாத் நகரத்துக்கு அளிக்கப்பட்டுள்ளன. மணிநகர்ப் பகுதியில் பல தலைமுறைகளாகத் தமிழர் வாழும் ஊர் அது. உழைக்கும் பெண்களின் சங்கமாகிய 'சேவா' 1972-இல் பிறந்ததும் அவ்வூரிலேதான். சட்டமும் இருக்கின்றது, சங்கமும் இருக்கின்றது. புரவலரோடு ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே உள்ளூர் வணிகருக்கு இடம் இவ்வளவு என்று அதில் எழுதிவிட்டால், பின்னர் மனுவும் ஊர்வலமும் வேண்டியதில்லை.

தாய்நாட்டுக்குள்ளேயே தொலைவில் வாழும் நமக்கு இச்செய்தி பிறர் செய்தி அன்று. பம்பாயின் தாராவியிலே விடியுமுன் எழுந்து இட்டலி அவித்து, சைக்கிளில் வைத்து வீதி வீதியாக விற்கும் தமிழர் உள்ளனர். நம்மில் பலருடைய முன்னோர் வேற்றூரில் முதன்முதலாக நிலைபெற்றதும் ஒரு சிறு உணவுக்கடையின் நிழலிலேதான். மொழி புரியாத ஊரிலும் நம்மை அண்டை வீட்டாரோடு சேர்த்து வைத்தது நம் உணவு. ஆதலால், நாம் வாழும் நகரில் பெரும் பந்தயம் ஒன்று வருகின்றது என்ற செய்தி கேட்கும்போது மகிழ்வோம். சீட்டு வாங்கி ஆட்டத்தையும் காண்போம். அதனோடு, மதிலோரம் கூடையோடு நின்றவருக்கு எங்கே இடம் ஒதுக்கியிருக்கின்றார்கள் என்பதையும் நகராட்சியாரிடம் கேட்போம். கேட்கும் கடமை நமக்கு உண்டு. அந்தக் கூடை ஒருகாலத்தில் நம் வீட்டுக் கூடையாகவும் இருந்தது.