‘போரும் வாழ்வும்’ – சேர்ந்து படிப்போம், தோழர்களே!

(திருவொற்றியூரில் தொழிலாளர் வாசிப்புக் குழுவின் முதல் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)

தோழர்களே,

மேஜைமேல் இருக்கும் புத்தகத்தைப் பார்த்து, உள்ளே வரும்போதே ஒரு தோழர் கேட்டுவிட்டார்: “இதைப் படிக்கவா கூப்பிட்டீர்கள்? செங்கல்லை விடக் கனமாக இருக்கிறதே!” துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர் அவர். கனத்தைப் பற்றி அவருக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் ஒன்று அவருக்கே தெரியும். ஒருவரால் அசைக்க முடியாத சுமையை நாலு பேர் தோள் கொடுத்தால் தூக்கிவிடலாம். இந்தக் கூட்டத்தின் நோக்கமும் அதுதான்.

இது ருஷ்ய எழுத்தாளர் லியோ டால்ஸ்டாய் எழுதிய நாவல். 1865 முதல் 1869 வரை பகுதி பகுதியாக வெளிவந்தது. ‘தினமணி’யின் முதல் ஆசிரியரான டி.எஸ். சொக்கலிங்கம் அவர்கள் இதை ‘போரும் வாழ்வும்’ என்று தமிழில் தந்தார். நெப்போலியனுடன் ருஷ்யா 1805இலும் 1812இலும் நடத்திய யுத்தங்களும், அந்தக் காலத்துக் குடும்பங்கள் சிலவற்றின் வாழ்வும் தாழ்வும் இதில் வருகின்றன. பாத்திரங்கள் மட்டும் ஐந்நூறுக்கு மேல்.

நமக்கு இது புதிதா?

ஐந்நூறு பாத்திரம் என்றதும் மலைக்க வேண்டாம். பொன்னேரி, மீஞ்சூர் பக்கத்திலிருந்து வந்திருக்கும் விவசாயத் தொழிலாளத் தோழர்களைக் கேளுங்கள். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் படிப்பார்கள். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. கையெழுத்துப் போடத் தெரியாத நம் பாட்டன் பாட்டிமார் தரையில் உட்கார்ந்து கேட்டார்கள். யார் யாருக்கு என்ன முறை, யார் மீது யாருக்கு என்ன வஞ்சம், அபிமன்யு எத்தனையாம் நாள் போரில் விழுந்தான் என்றெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொன்னார்கள். படிப்பில்லாதவர்களுக்குப் பெரிய புத்தகம் ஆகாது என்று சொன்னவன் நம் பாட்டிமாரைப் பார்க்காதவன்.

சேர்ந்து உட்கார்ந்து கேட்பதிலிருந்து வேறு காரியங்களும் பிறக்கும். பெரம்பூரில் செல்வபதி செட்டியாரும் ராமானுஜலு நாயுடுவும் ஒரு பக்தி சபை நடத்தினார்கள். பக்கத்து மில் தொழிலாளிகள் அங்கே பிரசங்கம் கேட்க வந்தார்கள். பிரசங்கம் முடிந்ததும் தங்கள் குறைகளைப் பேசினார்கள். அந்தப் பேச்சுத்தான் வளர்ந்து 1918 ஏப்ரல் 27இல் சென்னைத் தொழிலாளர் சங்கமாக ஆயிற்று. கேட்க வந்த கூட்டமே பேசத் தொடங்கியது. சங்கம் பிறந்தது.

முதலாளிகள் இதை நன்றாகவே அறிவார்கள். கியூபாவில் ஹவானா நகரத்துச் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865இல் ஒரு வழக்கம் தோன்றியது. ஒருவர் உரக்கப் படிப்பார். மற்றவர்கள் சுருட்டுச் சுற்றிக்கொண்டே கேட்பார்கள். படிப்பவருக்குத் தொழிலாளர்களே காசு போட்டுக் கூலி கொடுத்தார்கள். அடுத்த ஆண்டே அங்கிருந்த ஸ்பானிய ஆட்சி அதைத் தடை செய்தது. வேலை கெட்டதாலா? இல்லை. சுற்றுகிற கை சுற்றிக்கொண்டுதான் இருந்தது. யோசிக்கிற தலையைக் கண்டுதான் பயந்தார்கள். தடையையும் தாண்டி அந்த வழக்கம் உயிரோடு இருந்தது. நம் பக்கத்துக் கண்ணனூரிலும் பீடித் தொழிலாளர்கள் இப்படியே செய்தார்கள். ஒரு தோழர் பத்திரிகை படிப்பார். அவருடைய பங்குப் பீடியை மற்றவர்கள் சேர்ந்து சுற்றித் தருவார்கள்.

நேரம் எங்கே?

“படிக்க நேரம் எங்கே இருக்கிறது?” என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. நேரம் நமக்கு யாரும் இனாமாகக் கொடுத்ததல்ல. எட்டு மணி நேர வேலை என்ற கோரிக்கைக்காக உலகமெங்கும் தொழிலாளிகள் ரத்தம் சிந்தினார்கள். அந்த மே தினக் கொடியை 1923இல் இந்தச் சென்னைக் கடற்கரையில் ஏற்றியவர் தோழர் சிங்காரவேலர். அவர் செம்படவர் குலத்தில் பிறந்தவர். தம் வீட்டில் பெரிய நூலகமே வைத்திருந்தவர். கொடியும் புத்தகமும் அவரிடம் ஒன்றாகவே இருந்தன.

2023 ஏப்ரல் 21இல் நம் சட்டமன்றத்தில் ஒரு மசோதா நிறைவேறியதை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம் வேலை வாங்க வழி திறந்த மசோதா அது. தொழிற்சங்கங்கள் கொதித்தெழுந்தன. சில நாட்களிலேயே அதை நிறுத்தி வைத்தார்கள். மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். அந்த மசோதா நின்றிருந்தால் நம் உடம்பிலிருந்து மட்டுமா பறித்திருப்பார்கள்? குழந்தையோடு பேசும் நேரம், சங்கத்துக்கு வரும் நேரம், புத்தகம் படிக்கும் நேரம், எல்லாம் போயிருக்கும். ஆகவே இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரத்தைப் பொழுதுபோக்கு என்று எண்ணாதீர்கள். கூலியைப் போலவே இதுவும் போராடி வாங்கியது. வாங்கியதை வீணாக்கலாமா?

பிரபுக்கள் கதை நமக்கு எதற்கு?

டால்ஸ்டாய் ஒரு பிரபு. கதையில் வருகிறவர்களும் பெரும்பாலும் பிரபுக்களே. பிறகு எதற்குப் படிக்க வேண்டும்? இரண்டு இடங்களைச் சொல்கிறோம்.

தூஷின் என்று ஒரு பீரங்கிப் படைக் காப்டன் வருகிறார். சின்ன உருவம், கூச்ச சுபாவம். 1805 யுத்தத்தில் அவருக்குக் காவலாக நின்ற படை போய்விடுகிறது. அவரை எல்லோரும் மறந்தே விடுகிறார்கள். அவரும் அவருடைய ஆட்களும் நாலு பீரங்கிகளோடு நின்று எதிரியைத் தடுக்கிறார்கள். சாயங்காலம் தளபதி கூப்பிட்டு, “பீரங்கியை ஏன் விட்டுவிட்டு வந்தாய்?” என்று அதட்டுகிறார். காவல் படை இல்லை என்று சொன்னால் வேறொருவர் மாட்டிக்கொள்வாரே என்று தூஷின் வாயடைத்து நிற்கிறார். ஆண்ட்ரூ என்ற ஒரே அதிகாரிதான் எழுந்து, இன்றைய வெற்றியே இவரால் கிடைத்தது என்கிறார். தோழர்களே, உயிரைக் கொடுத்து மெஷினை ஓட்டியவனுக்கு மெமோ, ஆபீஸ் அறையில் இருந்தவனுக்குப் பாராட்டு என்பதை நாம் பார்த்ததில்லையா? டால்ஸ்டாய் தாமே செவஸ்தபோல் போரில் பீரங்கிப் படையில் இருந்தவர். நேரில் கண்டதை எழுதினார்.

இன்னொரு இடம் போகுச்சாரவோ என்ற கிராமம். நெப்போலியன் படை நெருங்குகிறது. ஜமீன்தாரின் மகள் மரியா தப்பிப் போக வேண்டும். பண்ணை அடிமைகளான குடியானவர்கள் அவளை விட மறுக்கிறார்கள். தானியம் தருகிறேன் என்கிறாள்; வேண்டாம் என்கிறார்கள். ரோஸ்டோவ் என்ற இளம் அதிகாரி வந்து முன்னால் நின்றவனை அடிக்கிறான். கட்டிப் போடச் சொல்கிறான். உடனே எல்லோரும் அடங்கி, வண்டியில் சாமான் ஏற்றுகிறார்கள். ஆசிரியரின் இரக்கம் அந்தப் பெண்மீதே நிற்கிறது. அவள் நல்லவள்தான். ஆனால் ‘அந்தக் குடியானவன் மனதில் என்ன இருந்தது? பரம்பரையாக அடிமைப்பட்டவன், தானியம் தருகிறேன் என்றால் ஏன் நம்பவில்லை?’ என்று பண்ணையில் வேலை செய்த நம் தோழர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் நாம் இந்தப் புத்தகத்தைப் படிக்கிறோம்.

லெனின் 1908இல் டால்ஸ்டாயை ருஷ்யப் புரட்சியின் கண்ணாடி என்று எழுதினார். குடியானவர்களின் கோபமும் அவரிடம் இருந்தது. அவர்களுடைய குழப்பமும் இருந்தது. கொடுமையைக் கண்டு கொதித்தவர், தீமையை எதிர்க்காதே என்றும் போதித்தார். லெனின் இரண்டையும் சொன்னார். புத்தகத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நாமும் பூஜை செய்யப் போவதில்லை; எறியப் போவதுமில்லை. படித்து, வாதாடப் போகிறோம்.

எப்படிப் படிப்பது?

ருஷ்ய மூலத்தில் 361 அத்தியாயங்கள். பெரும்பாலும் சின்னச் சின்னவை. ஞாயிற்றுக்கிழமைக்கு ஏழு வைத்தால் 52 வாரம், சரியாக ஓர் ஆண்டு.

ஒருவர் உரக்கப் படிக்கட்டும், மற்றவர்கள் கேட்கட்டும். படிக்கத் தெரியுமா என்று இங்கே யாரையும் யாரும் கேட்கக் கூடாது. ஒவ்வொரு வாரமும் முந்தின வாரக் கதையை ஒருவர் வாயால் சொல்லட்டும். நைட் ஷிப்டால் வர முடியாமற் போன தோழருக்கு அதுவே போதும்.

பெயர்கள் குழப்பும். ருஷ்யர்களுக்குச் சொந்தப் பெயர், தகப்பன் பெயர், குடும்பப் பெயர் என்று மூன்று. செல்லப் பெயர் வேறு. நமக்கு மட்டும் என்ன? வீட்டில் ஒரு பெயர், மஸ்டர் ரோலில் ஒரு பெயர், தெருவில் பட்டப் பெயர்! பெரிய காகிதத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவோம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இன்று இங்கே வந்திருக்கும் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நாம் இங்கே உட்கார்ந்து உலக இலக்கியம் பேச, வீட்டில் அவர்கள் அடுப்படியில் இருக்கிறார்கள் என்றால் இது அரைக் கூட்டம்தான். ஞாயிற்றுக்கிழமைச் சமையலைப் பங்கு போட்டுக்கொண்டு வாருங்கள். குழந்தைகளும் வரட்டும்.

கடைசியாக ஒரு செய்தி. 1941இல் ஹிட்லரின் படை லெனின்கிராட் நகரைச் சூழ்ந்தது. முற்றுகை 1944 வரை நீடித்தது. பட்டினியால் லட்சக்கணக்கானோர் மடிந்தார்கள். அந்த நாட்களில் மக்கள் இந்த நாவலை ஆவலோடு தேடிப் படித்தார்கள் என்று, முற்றுகைக்குள் இருந்த எழுத்தாளர் லிடியா கின்ஸ்பர்க் எழுதியிருக்கிறார். ரொட்டி இல்லாத இடத்திலும் புத்தகம் வேண்டியிருந்தது. தங்கள் துன்பத்தையும் உறுதியையும் அவர்கள் அதில் வைத்து அளந்து பார்த்தார்கள்.

முதல் அத்தியாயம் ஒரு சீமாட்டி வீட்டு விருந்து. பிரெஞ்சு மொழியில் பசப்பிக்கொண்டிருப்பார்கள். சலிப்புத் தட்டலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். அதே பிரெஞ்சுக்காரன் 1812இல் நாட்டுக்குள் புகுந்ததும், பிரெஞ்சு பேசினால் அபராதம் என்று இதே கூட்டத்தார் விதித்துக்கொள்ளும் வேடிக்கையைப் பிறகு பார்ப்போம்.

சரி, புத்தகத்தைத் திறக்கிறோம். யார் முதலில் படிக்கிறீர்கள்?