'மார்ச்' என்றொரு சொல்

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



"என்ஜினியர் ஆச்சே, பாலம் பத்திப் பேசேன்" என்றார்கள். நான் ஒரு சொல்லைப் பற்றிப் பேசுகிறேன். பாலமும் அதிலே வரும்.

மாசத்துக்கும் நடைக்கும் 'மார்ச்' என்று ஒரே பெயர் ஏன் என்று சின்ன வயதில் குழம்பியதுண்டு. இரண்டும் வேறு வேறு சொற்கள். மாதம், ரோமானியரின் போர்த் தெய்வமான மார்ஸின் பெயரால் வந்தது. நடை, பிரெஞ்சிலிருந்து வந்தது; அங்கே அதற்கு நடப்பது என்றே பொருள். ஆங்கிலத்தில் அது தாளம் தப்பாமல் சேர்ந்து நடப்பதாயிற்று.

தமிழில் நாம் ஆளைப் பார்த்துப் பெயர் வைக்கிறோம். ராணுவம் நடந்தால் அணிவகுப்பு, கட்சி நடந்தால் பேரணி, மயிலையில் அறுபத்துமூவர் புறப்பட்டால் வீதியுலா. 1930 ஏப்ரலில் ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை சுமார் 150 மைல் நடந்தார்களே, அது ஆங்கிலத்தில் 'ஸால்ட் மார்ச்'. நமக்கு உப்பு யாத்திரை. யாத்திரையில் லெப்ட்-ரைட் கிடையாது. போகிற இடம்தான் ஒன்று.

இது அன்று எனக்குத் தெரியவில்லை. நம் கல்லூரி என்.சி.சி.யில் நான் ஸ்குவாடை நடத்தினேன். 'தேஜ் சல்' என்றால் நிமிடத்துக்கு 120 அடி. ஒரு நண்பன் எப்போதும் அரை அடி பிந்துவான். குடியரசு தின ஒத்திகைக்கு முன்னால், எல்லார் எதிரிலும், "நீ நடக்க வேணாம்டா, தண்ணிக் குடத்தைப் பார்த்துக்கோ" என்றேன். பார்த்துக்கொண்டான். மறுவாரத்திலிருந்து கிரவுண்டுக்கே வரவில்லை.

1831-இல் இங்கிலாந்தில் பிராட்டன் தொங்குபாலத்தில் 74 சிப்பாய்கள் ஒரே தாளத்தில் நடந்தார்கள். ஊஞ்சலை அதன் ஆட்டத்துக்கு ஒத்துத் தள்ளினால் உயரப் போகுமல்லவா, அப்படிப் பாலம் ஆடி, போல்ட் முறிந்து, ஒரு பக்கம் சரிந்தது. பலர் ஆற்றில் விழுந்தார்கள். நல்லவேளை, யாரும் சாகவில்லை. அதன்பின் பாலம் வந்தால் பிரிட்டிஷ் ராணுவத்தில் 'பிரேக் ஸ்டெப்' என்று ஆணை. அதாவது, தாளத்தை விடு, அவரவர் நடையில் போ.

மூன்றாம் ஆண்டில் இதைப் படித்து மார்க்கும் வாங்கினேன். புத்தியில் ஏறியது, போன வருஷம் தி.நகரில் 2023-இல் திறந்த ஸ்கைவாக்கில் நின்றபோது. புடவைப் பையோடு ஒரு அம்மா, தாத்தா கையைப் பிடித்த பேரன், ரயிலுக்கு ஓடுகிற பையன். ஆளுக்கொரு தாளம். அந்தப் பிசகல்தான் பாலத்துக்குக் காவல். சட்டென்று அந்தத் தண்ணிக் குடம் ஞாபகம் வந்தது.

அந்த நண்பன் இதோ மூணாவது வரிசையில் இருக்கிறான். பதினாறு வருஷமா இதைச் சொல்லாம விட்டுட்டேன். மன்னிச்சுக்கடா. கூட்டம் முடிஞ்சதும் பீச் வரைக்கும் நடப்போம். உன் நடையிலேயே நான் வர்றேன்.