பிள்ளைகளுக்கு நாம் விட்டுச் செல்வது
(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



சொத்து என்றதும் நிலமும் வீடும் நகையுமே நம் நினைவுக்கு வருகின்றன. கல்வி, வீட்டிலுள்ள நூல்கள், வழிகாட்டும் உறவினர், கடன் சுமையற்ற தொடக்கம் ஆகியவையும் சொத்துகளே. பத்திரப் பதிவு இல்லாமலேயே இவை தலைமுறை தலைமுறையாகக் கைமாறுகின்றன.

நம் ஊரிலேயே இதற்குச் சான்று உண்டு. ஸ்ரீரங்கத்தை அடுத்த திருவானைக்காவலில் 1888-இல் பிறந்தவர் சர் சி.வி. இராமன். அவருடைய தந்தையார் கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் கற்பித்தவர். இராமன் 1930-இல் நோபல் பரிசு பெற்றார். அவருடைய அண்ணன் மகன் சந்திரசேகர் 1983-இல் அப்பரிசைப் பெற்றார். அவர்களுடைய உழைப்பை எவரும் குறைத்து மதிப்பிட இயலாது. எனினும் அவ்வுழைப்புக்கு முன்னோர் இட்ட அடித்தளம் இருந்தது.

இதே திருச்சியின் தூய வளனார் கல்லூரியில் 1954-இல் இயற்பியல் பட்டம் பெற்றவர் இராமேஸ்வரத்து அப்துல் கலாம். அடுத்து சென்னை எம்.ஐ.டி.யில் சேர ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் தேவைப்பட்டது. தந்தையாரிடம் அத்தொகை இல்லை. சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அந்த நகையும் இல்லாத வீட்டுப் பிள்ளையின் நிலை என்ன?

அங்கேதான் அரசின் கடமை தொடங்குகிறது. 1982 ஜூலை 1 அன்று முதலமைச்சர் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தது திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில்தான். பெற்றோரின் வறுமை பிள்ளையின் பசியாகி, பள்ளியை விட்டு நிறுத்திவிடாமல் காத்த திட்டம் அது. சச்சார் குழு நம் சமுதாயத்தின் கல்விப் பின்னடைவை 2006-இல் எடுத்துரைத்தது. 2007-இல் தமிழக அரசு கல்வியிலும் வேலைவாய்ப்பிலும் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு இடஒதுக்கீடு அளித்தது. அரசுப் பள்ளியில் பயின்ற மாணவியரின் உயர்கல்விக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப்பெண் திட்டம் 2022-இல் வந்தது. அதே 2022-இல், சிறுபான்மை மாணவருக்கான மத்திய அரசின் உதவித்தொகை எட்டாம் வகுப்பு வரை நிறுத்தப்பட்டது என்பது வேதனைக்குரியது. அதனைத் திரும்பக் கேட்பது நம் உரிமை.

ஆனால், கல்லூரியில் இடம் ஒதுக்கப்பட்டிருந்தும், பத்தாம் வகுப்போடு கடைக்கு அனுப்பப்பட்ட பிள்ளைக்கு அதனால் பயன் இல்லை. அரசு தரும் வாய்ப்பை வீடு தடுத்துவிடக் கூடாது.

மற்றொன்றையும் மனம் விட்டுப் பேசுவோம். செல்வம் ஒரே கையில் தேங்காதிருக்க மார்க்கம் வாரிசுரிமைப் பங்குகளை வகுத்துள்ளது. பிள்ளைகள் உள்ள நிலையில் மனைவிக்கு எட்டில் ஒன்று; மகளுக்கு மகனின் பங்கில் பாதி. மரண சாசனம் மூன்றில் ஒன்றைத் தாண்டலாகாது. நம்மிடையே நடப்பது என்ன? "திருமணத்தில் செய்துவிட்டோமே" என்று கூறி மகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்குகிறோம். கைக்கூலியாக மாப்பிள்ளை வீட்டுக்குப் போனது அவளுடைய பங்காகாது. மகளின் பங்கைப் பறிப்பது, அவள் பிள்ளைகளின் படிப்பையும் பறிப்பதாகும்.

ஜமால் முகமது சாகிபும் காஜாமியான் ராவுத்தரும் 1951-இல் ஜமால் முகமது கல்லூரியை நிறுவினர். அவர்களுடைய செல்வம் இரத்த உறவைத் தாண்டி ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வாரிசுச் சொத்தாயிற்று. நம்மால் கல்லூரி கட்ட இயலாதிருக்கலாம். ஜகாத்தைச் சில்லறையாகச் சிதறவிடாமல், ஏழைப் பிள்ளைகளின் முழுப் படிப்புச் செலவுக்குத் திரட்ட இயலும். படிப்பை நிறுத்திய பிள்ளைகளின் பட்டியலைப் பள்ளி திறக்கும் முன் தயாரிக்க இயலும். சாதிச் சான்றுக்கும் வருமானச் சான்றுக்கும் அலையும் விதவைத் தாய்க்கு நம் இளைஞர்கள் துணை நிற்க இயலும்.

இம்மூன்றையும் இவ்வாண்டே தொடங்குவோம். வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும் ஹலாலான வாழ்வாதாரத்தையும் அருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.