அக்கரைக்குப் போகும் செல்போன்



மகளின் பிரசவத்துக்காக அமெரிக்காவுக்குக் கிளம்பும் பெற்றோர் இப்போது நம் ஊரில் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார்கள். ரசப்பொடி, பருப்புப்பொடி, பிரசவ லேகியம், குழந்தைக்கு வசம்பு என்று பெட்டியை எடை பார்த்துப் பார்த்துக் கட்டுவார்கள். செல்போன் விஷயம் வரும்போது மட்டும், "பேசத்தானே, ஒரு பட்டன் போன் போதும்" என்று ஆயிரத்தைநூறு ரூபாய்க்கு ஒன்றை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொள்வார்கள். சிகாகோவில் இறங்கினால் அந்த போன் எந்த டவரையும் பிடிக்காது. போனில் பழுது ஒன்றும் இல்லை. அது தேடுகிற டவர் அங்கே இல்லை, அவ்வளவுதான்.

நம் கடைகளில் கிடைக்கும் மலிவான பட்டன் போன்களில் பெரும்பாலானவை 2ஜி. 900, 1800 மெகாஹெர்ட்ஸ் என்ற இரண்டே அலைவரிசைகளில், அதாவது பேண்டுகளில், இயங்குபவை. அமெரிக்காவோ 2ஜி காலத்திலேயே 850, 1900 என்று தனி வழியில் போன நாடு. அந்த நாளில் வெளிநாடு போகிறவர்கள் சென்னை ரிச்சி தெருவில் "ட்ரை-பேண்ட் இருக்கா, குவாட்-பேண்ட் இருக்கா" என்று கேட்டு அலைந்ததற்குக் காரணம் இதுதான். இன்று அப்படிக் கேட்டும் பயனில்லை. அங்குள்ள ஏடி அண்ட் டி நிறுவனம் 2017 தொடக்கத்தில் 2ஜியை மூடியது. 2022 பிப்ரவரியில் 3ஜியையும் மூடியது. வெரைசன் என்ற இன்னொரு நிறுவனம் தன் 3ஜியை அதே ஆண்டின் முடிவில் மூடியது. சிங்கப்பூரில் 2017 ஏப்ரலிலேயே 2ஜி முடிந்துபோனது. மலேசியா ஒரு வேடிக்கை செய்தது: 2021 முடிவில் 3ஜியை மூடிவிட்டு, அதைவிடப் பழசான 2ஜியை வைத்துக்கொண்டது. அதனால் ஜொகூர் வரை ஒழுங்காக மணி அடித்துக்கொண்டிருந்த பட்டன் போன், பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்குள் நுழைந்ததும் ஊமையாகிவிடும்.

"சரி, 4ஜி பட்டன் போன் வாங்கிவிடுகிறேன்" என்பீர்கள். வாங்கலாம். ஆனால் ஜியோபாரத் போன்ற போன்கள் ஜியோ சிம்மைத் தவிர வேறு சிம்மை ஏற்காது. போகிற ஊரில் சிம் வாங்கிப் போட வேண்டுமானால் பூட்டில்லாத போனாக இருக்க வேண்டும். அதோடு, பட்டன் போனில் பேரக்குழந்தையின் முகம் பார்க்க முடியுமா? என்னைக் கேட்டால், பத்தாயிரம் ரூபாய் அளவில் ஒரு சாதாரண ஸ்மார்ட்போன்தான் சரி. கேமரா எத்தனை மெகாபிக்ஸல் என்று கேட்கும் நேரத்தில், எத்தனை பேண்ட் என்று கேளுங்கள்.

இந்த பேண்ட் விஷயத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். 4ஜியில் ஒவ்வொரு அலைவரிசைக்கும் ஓர் எண் உண்டு. நம் நாட்டில் 1, 3, 5, 8, 40 ஆகியவை பரவலாகப் புழங்குகின்றன. இவற்றில் 3 மட்டும் இருந்தாலே ஐரோப்பா, சிங்கப்பூர், மலேசியா, வளைகுடா ஆகிய இடங்களில் ஓரளவு சமாளித்துவிடலாம். அமெரிக்காவில் கதை வேறு. அங்கே 2, 4, 12, 13, 66, 71 என்று இன்னொரு கூட்டம். இவற்றில் 12-ம் 13-ம் 700 மெகாஹெர்ட்ஸ், 71 என்பது 600. அலைவரிசை எவ்வளவு தாழ்ந்ததோ அவ்வளவு தூரம் அது போகும், சுவரையும் துளைத்து வீட்டுக்குள் வரும். ஒவ்வொரு பேண்டுக்கும் போனுக்குள் தனி உறுப்பு வேண்டும், அதற்குத் தனிச் செலவு. இந்தியாவில் விற்கும் மலிவு போனில் இந்தியாவுக்கு வேண்டாத பேண்டைக் கம்பெனிக்காரர் ஏன் வைக்கப்போகிறார்? அந்த போனை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனால், நகரத்தின் நடுவில் சிக்னல் காட்டும். மகள் வீடு இருக்கிற புறநகருக்குப் போனதும், ஜன்னல் ஓரத்தில் நின்றால் ஒரு கோடு, சமையலறைக்குள் வந்தால் அதுவும் இல்லை.

இதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே சோதித்துவிடலாம். கடையில் போன் பெட்டியைக் கையில் வாங்கிப் பாருங்கள். பக்கவாட்டில், பார்கோடுக்குப் பக்கத்தில், ஐஎம்இஐ என்று 15 இலக்க எண் அச்சாகியிருக்கும். இரண்டு சிம் போன் என்றால் இரண்டு எண்கள் இருக்கும். அதைப் படம் எடுத்து மகளுக்கு வாட்ஸ்ஆப்பில் அனுப்புங்கள். அவர் எந்த நிறுவனத்தின் சிம் வாங்கித் தரப்போகிறாரோ, அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால், "இந்த போன் எங்களிடம் ஓடும், ஓடாது" என்று பதில் வந்துவிடும். ஏடி அண்ட் டி தன் பட்டியலில் இல்லாத மாடலைச் சேர்ப்பதே இல்லை. போன் ஏற்கெனவே கையில் இருந்தால், அழைக்கும் இடத்தில் ஸ்டார், ஹேஷ், பூஜ்யம், ஆறு, ஹேஷ் என்று அழுத்துங்கள். மறுபடி சொல்கிறேன்: ஸ்டார், ஹேஷ், பூஜ்யம், ஆறு, ஹேஷ். எண் திரையில் வரும். பழைய போன் வாங்குகிறவர்கள் இன்னொன்றும் செய்யுங்கள். ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்று அடித்து, இடம் விட்டு, இந்த எண்ணையும் போட்டு 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால், அது திருட்டு போனா என்று தெரிந்துவிடும்.

சில போன்களில் இணையம் ஓடும், பேச்சு மட்டும் போகாது. 4ஜியில் பேச வோல்ட்டி என்ற வசதி வேண்டும். அது இல்லாத போன் பேச்சுக்கு 3ஜியையோ 2ஜியையோ தேடும். இரண்டையும் மூடிய நாட்டில் எதைத் தேடும்? ஆஸ்திரேலியாவில் இது விபரீதமாகவே போயிற்று. சாதாரண அழைப்பை 4ஜியில் பேசிவிட்டு, அவசர எண்ணான மூன்று பூஜ்யத்துக்கு மட்டும் 3ஜியை நாடும் போன்கள் இருந்தன. 2024 அக்டோபர் கடைசியில் 3ஜியை மூடியபோது, அந்த மாதிரி போன்களையே தடுத்துவிடும்படி தொலைபேசி நிறுவனங்களுக்கு உத்தரவாயிற்று. பார்க்க நன்றாக இருக்கும் போன், அங்கே எந்த சிம் போட்டாலும் சேராது.

இரண்டு சிம் போடும் வசதி கட்டாயம் இருக்கட்டும். ஒன்றில் அந்த ஊர் சிம், இன்னொன்றில் நம் ஊர் சிம். பென்ஷன் பணம் எடுக்கவும் மின் கட்டணம் கட்டவும் வங்கி அனுப்பும் ஓடிபி நம் ஊர் எண்ணுக்குத்தானே வரும்! கிளம்புவதற்கு முன்பே அந்த சிம்மில் வெளிநாட்டு ரோமிங்கைத் திறந்துவிடுங்கள். டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் பில்லைப் பார்த்து மயக்கம் வரும். சில மலிவு போன்களில் இரண்டாவது சிம்முக்கும் மெமரி கார்டுக்கும் ஒரே இடம்தான், அதையும் ட்ரேயை இழுத்துப் பார்த்துவிடுங்கள்.

துபாய், அபுதாபி போகிறவர்கள் போனைக் குறை சொல்லாதீர்கள். அங்கே வாட்ஸ்ஆப்பில் செய்தி போகும், பேச்சு போகாது. அது அரசாங்கம் வைத்த தடை. லட்ச ரூபாய் போனிலும் அதே கதிதான்.

ஆறு மாதம் தங்குபவர்களுக்கு அங்கேயே வாங்குவதும் நல்ல யோசனை. ப்ரீபெய்டு நிறுவனங்கள் ஐம்பது, அறுபது டாலருக்கே போன் விற்கின்றன. அந்த நிறுவனத்தின் சிம்முக்குப் பூட்டப்பட்டதாக இருக்கும், ஊருக்குக் கொண்டுவந்தால் இங்கே ஓடாமல் போகலாம். அதையும்விட மலிவு, பிள்ளைகள் ஓரங்கட்டி வைத்திருக்கும் பழைய ஐபோன். அதில் பேண்டுகளுக்குக் குறைவிருக்காது. பேட்டரியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள்.

எதை வாங்கினாலும் பயணத்துக்கு இரண்டு வாரம் முன்னதாக வாங்குங்கள். உங்கள் சிம்மைப் போட்டு நாலு பேரோடு பேசிப் பழகுங்கள். கடைக்காரர் "எல்லா நாட்டிலும் வேலை செய்யும் சார்" என்று சொன்னால், "எந்தெந்த பேண்ட் இருக்கிறது?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வரவில்லை என்றால் அடுத்த கடைக்குப் போய்விடுங்கள்.