சத்திரசிகிச்சைக்குப் பின் வரும் மனக்குழப்பம்

வவுணதீவிலிருந்து வலையிறவுப் பாலம் கடந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்குச் சென்று இடுப்பெலும்பு முறிவுக்குச் சத்திரசிகிச்சை பெறும் மூதாளர் ஒருவர், மறுநாள் பிள்ளைகளையே அடையாளம் காணாமல், இரவில் சேலைன் குழாயைப் பிடுங்க முற்படுவாராயின், அது பைத்தியமோ பேய்க்குற்றமோ அன்று. பெரும்பாலும் 'டெலிரியம்' எனப்படும் திடீர் மனக்குழப்பமே ஆகும்.

அழற்சி, அதாவது காயத்துக்கோ தொற்றுக்கோ எதிரான உடலின் தற்காப்பு எழுச்சி, மிகும்போது ஈரல் சுரக்கும் சி.ஆர்.பி. என்னும் புரதம், இக்குழப்பம் வரும் ஆபத்தைக் காட்டும் குருதிக் குறிகாட்டிகளுள் ஒன்றாகும். அமெரிக்காவின் பொஸ்டன் நகரில் 70 வயதும் அதற்கு மேலுமான 560 பேரிடம் நடந்த ஆய்வில், சத்திரசிகிச்சைக்கு முன்பே இப்புரதம் உயர்ந்திருந்தவர்களிடம் இக்குழப்பம் கூடுதலாகக் காணப்பட்டது. ஆயினும் கிருமித்தொற்றிலும் மூட்டுவாதத்திலும் இது உயர்வதால், இதனைத் தனியே கொண்டு எவருக்கும் முடிவு கூற இயலாது.

குருதிப் பரிசோதனை எதைக் காட்டினாலும், மூக்குக்கண்ணாடியையும் செவிக்கருவியையும் கையோடு கொடுத்து, இரவுறக்கம் கெடாது பார்த்து, பழகிய ஒருவர் அருகிருந்து நாளையும் இடத்தையும் நினைவூட்டுவதே குடும்பத்தவரால் இயலும் சிறந்த தடுப்பாகும்.