நல்ல செயலி எது?

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுதல் நம் மரபு. சங்கத்தார் எனக்களித்த தலைப்போ கைப்பேசிச் செயலியைப் பற்றியது. இயலும் இசையும் முழங்க வேண்டிய இடத்தில் இயந்திரத்துக்கு என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். ஆயின் ஒன்றைக் கருதிப் பாருங்கள். வங்கிக் கணக்கு, ஓய்வூதியம், இரயில் சீட்டு, மருத்துவரைக் காணும் நேரம், ஊரிலிருந்து வரும் உறவினரைக் குடியிருப்பின் வாயிற்காவலர் உள்ளே விடுவதற்கான இசைவு ஆகிய யாவும் இன்று அந்தச் சிறு கண்ணாடிப் பலகையின் வழியாகவே நடைபெறுகின்றன. அதனைக் கையாள இயலாதவர், வாழ்வின் வாயிலிலேயே நிறுத்தப்படுகிறார். ஆதலின் இது மனிதரின் மதிப்பைப் பற்றிய பேச்சு.

இதனைப் பேசுதற்கு மகர்பட்டாவைக் காட்டிலும் பொருத்தமான இடம் இல்லை. ஏறத்தாழ 400 ஏக்கர் நிலத்தை உடைய உழவர் குடும்பங்கள், நூற்றுக்கும் மேற்பட்டவை, நிலத்தை விற்றுவிட்டு விலகிப் போகாமல், தாமே பங்குதாரர்களாகி எழுப்பிய நகரம் இது. இங்கே கணினித் தொழில் கூடங்கள் நிறைந்துள்ளன. செயலிகளை ஆக்கும் பிள்ளைகளும், அவற்றோடு போராடும் பெற்றோரும் ஒரே கூரையின்கீழ் வாழும் ஊர் இது.

முதற்கண் ஓர் அடிப்படையைச் சொல்லிவிடுகிறேன். பெரியவர் ஒருவர் செயலியில் தடுமாறினால், "எனக்கு இதெல்லாம் வராது அப்பா" என்று தம்மையே நொந்துகொள்கிறார். பிள்ளையும் ஆம் என்று தலையசைக்கிறான். அமெரிக்க அறிஞர் டொனால்டு நார்மன் 1988-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில், அன்றாடப் பொருள்களைப் பலரும் ஒரே வகையில் தவறாகப் பயன்படுத்துவார்களாயின், குறை பொருளின் அமைப்பில் உள்ளது என்று நிலைநாட்டினார். தள்ள வேண்டிய கதவில் இழுக்கும் கைப்பிடியை வைத்தவன் செய்த பிழைக்கு, இழுத்தவன் நாணுவானேன்?

நல்ல செயலியின் முதல் இயல்பு, கையையும் கண்ணையும் அறிந்திருத்தல். பால் ஃபிட்ஸ் என்னும் உளவியலார் 1954-ஆம் ஆண்டிலேயே ஓர் உண்மையைக் கண்டார்: சென்றடைய வேண்டிய இலக்கு சிறியதாகவும் தொலைவிலும் இருக்குமாயின், அதனைத் தொட நேரம் மிகுதியாகும். கூகுள் நிறுவனத்தின் வழிகாட்டுதல், தொடுபொத்தான் ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் அளவேனும் இருத்தல் வேண்டும் என்கிறது. வெண்மைப் பரப்பில் வெளிறிய சாம்பல் நிற எழுத்து, வரைந்த இளைஞனின் கண்ணுக்கு அழகாகத் தோன்றலாம். கண்புரை படர்ந்த பாட்டியின் கண்ணுக்கு அது வெறுந்தாள்.

இரண்டாவது இயல்பு, கேட்டதற்கு மறுமொழி கூறுதல். காய்கறிக் கடையில் நாம் பணம் செலுத்திய நொடியில், அங்குள்ள சிறிய ஒலிப்பெட்டி இத்தனை ரூபாய் வந்தது என்று உரக்கச் சொல்கிறது. கைகள் காய்களில் ஈடுபட்டிருக்கும் கடைக்கார அம்மையார், கைப்பேசியை எடுத்துப் பார்க்கத் தேவையில்லை, காதே போதும். இதற்கு மாறாக, பொத்தானை அழுத்திய பின் சுழலும் வட்டத்தை மட்டும் காட்டி வாய்மூடி நிற்கும் செயலிகள் உள. பணம் போயிற்றா, போகவில்லையா என்று அறியாத பெரியவர் மீண்டும் அழுத்துகிறார். இரு முறை பணம் போய்விடுகிறது. மௌனம் முனிவர்க்கு அழகு, செயலிக்கு அழகன்று.

மூன்றாவது இயல்பு, ஆபத்தான இடத்தில் தெளிவாகப் பேசுதல். யுபிஐ என்னும் பணப் பரிமாற்ற முறை 2016-ஆம் ஆண்டில் தோன்றியது. பெறுபவர் பெயரைக் காட்டிய பின்னரே மறைவெண்ணைக் கேட்பது அதன் சிறப்பு. பணம் அனுப்பத்தான் மறைவெண் வேண்டும், பெறுவதற்கு வேண்டியதில்லை. இந்த வேறுபாட்டை அறியாதவர்களையே வஞ்சகர் தேடுகின்றனர். "உங்களுக்குப் பரிசு வந்துள்ளது, மறைவெண்ணை இடுங்கள்" என்கின்றனர். அவ்வமயம் திரையில், "உங்கள் கணக்கிலிருந்து பணம் வெளியே செல்கிறது" என்று அவரவர் தாய்மொழியில் பெரிய எழுத்தில் ஒரு வரி இருக்குமாயின், எத்தனையோ குடும்பங்களின் சேமிப்பு தப்பும்.

தாய்மொழி என்றதும் நம் சொந்தச் செய்திக்கு வருகிறேன். 1999-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டரசு ஏற்றுக்கொண்ட 'தமிழ் 99' விசைப்பலகையை நோக்குங்கள். உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம், மெய்யெழுத்துகளுக்கு உரியவை பெரும்பாலும் வலக்கைப் பக்கம். 'அம்மா' என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கே தட்டல்கள். மகரம் இரட்டித்தால் முதலாவதற்குப் புள்ளி தானே வந்தமர்கிறது. ந-வை அடுத்துத் த வந்தால் 'ந்த' ஆகிறது. நம் இலக்கணத்தின் இயல்பை அறிந்தவர்கள் அமைத்த பலகை அது. மலேசியத் தமிழர் முத்து நெடுமாறன் ஆக்கிய 'செல்லினம்', 2005-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் சிங்கப்பூரில் வெளிவந்து, கைப்பேசியில் தமிழ்ச் செய்தி எழுதும் வழியைத் திறந்தது. மொழியை அறிந்து செய்த கருவி, நம் விரலுக்கு நண்பனாகிறது.

மொழியை அறியாது செய்தால் நேர்வது என்ன? ஆங்கிலச் சொல்லின் அளவுக்கு வெட்டிய பொத்தானில் தமிழ்த் தொடர் அடங்காது. இறுதிப் பகுதியை வெட்டிவிட்டு மூன்று புள்ளிகளை இடுவர். தமிழிலோ வினைமுற்று தொடரின் கடைசியில் நிற்பது. "பணம் அனுப்ப வேண்டும்", "பணம் அனுப்ப வேண்டாம்" ஆகிய இரண்டும் வெட்டுண்டால் "பணம் அனுப்ப வே" என்றே நிற்கும்! வரியின் உயரம் போதாமல் மேற்புள்ளி மறையுமாயின் 'கல்' என்பது 'கல' ஆகிவிடும். ஒருங்குறிப் பட்டியலின் வரிசையை அப்படியே கொண்டு பெயர்களை அடுக்கினால், னகரம் நகரத்தின் பின்னேயும், றகரம் ரகரத்தின் பின்னேயும் போய் நிற்கும். அகரவரிசை கற்ற பெரியவர் தேடும் பெயர், தேடிய இடத்தில் கிடைக்காது.

பெயரைப் பற்றி இன்னும் ஒன்று. நமக்குக் குடும்பப் பெயர் வைக்கும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தந்தையின் பெயரின் முதலெழுத்தே முன்னே நிற்கும். எத்தனையோ செயலிகள் குடும்பப் பெயர்க் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் செல்ல விடுவதில்லை. ஓரிடத்தில் தந்தை பெயரை இடுகிறோம். இன்னோரிடத்தில் முதலெழுத்தை மட்டும் இடுகிறோம். மற்றோரிடத்தில் நம் பெயரையே இருமுறை எழுதுகிறோம். பின்னர் இந்த ஆவணமும் அந்த ஆவணமும் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்புகின்றனர். இந்த அல்லலை இந்த அவையில் அறியாத குடும்பம் ஒன்றேனும் உண்டோ? மக்கள் எவ்வாறு பெயரிடுகின்றனர் என்று கேட்டறியாமல் கட்டம் வரைந்தவரின் குறை, தலைமுறைதோறும் நம் தலையில் விடிகிறது.

நான்காவது இயல்பு, எவரையும் விலக்காமை. ஓய்வூதியம் பெறுவோர் தாம் உயிருடன் இருப்பதை ஆண்டுதோறும் மெய்ப்பித்தல் வேண்டும். இதற்கான மின்னணு முறை 2014-ஆம் ஆண்டில் வந்தது. உழைத்துத் தேய்ந்த விரல்களின் ரேகை பல வேளைகளில் பதிவதில்லை. 2021-ஆம் ஆண்டில் முகத்தைக் கொண்டு அறியும் வழியும் சேர்ந்தது. மகன் வீட்டில் அமர்ந்தபடியே சான்று அளிக்க முடிந்தது. ஆயின், கண்ணிமைக்கச் சொல்லும் செயலியின்முன், அமில வீச்சில் முகமும் இமையும் சிதைந்தவர் என் செய்வார்? இவ்வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 2025-ஆம் ஆண்டு ஏப்ரல் 30 அன்று அளித்த தீர்ப்பில், மின்னணு வழிகளை அணுகும் உரிமை, அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு காக்கும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் உரைத்தது. திரையின் அமைப்பு உயிருரிமையோடு ஒட்டியது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

ஐந்தாவது இயல்பு, நேர்மை. பயன்படுத்துவோரை நன்கு அறிந்தும், அந்த அறிவை அவர்க்கு எதிராகவே திருப்பும் செயலிகளும் உண்டு. வாங்காத பொருளைக் கூடையில் நுழைத்தல், சேர்வதற்கு ஒரு தட்டல் வைத்து விலகுவதற்கு ஒன்பது வாயில் வைத்தல், இல்லாத அவசரத்தை உண்டாக்குதல் ஆகியவை அவற்றின் சூழ்ச்சிகள். நடுவண் நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று வெளியிட்ட நெறிமுறைகள் இத்தகைய 13 சூழ்ச்சிகளை வகுத்துத் தடை செய்துள்ளன. எளிமை மட்டும் போதாது. வழுக்குப் பாறையும் இறங்குவதற்கு எளிதுதான்!

இளைஞர்களே! இவற்றையெல்லாம் உங்கள் அலுவலகத்தில் பட்டியலாக எழுதி ஒட்டியிருப்பீர்கள். ஆயினும் பட்டியல் ஒரு நாளும் பாட்டியாகாது. ஐந்து பேரை அமர்த்தி, அவர்கள் பயன்படுத்துவதை உற்று நோக்கினாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று ஜேக்கப் நீல்சன் 2000-ஆம் ஆண்டில் எழுதினார். அந்த ஐவரைத் தேடி நீங்கள் தொலைவு செல்ல வேண்டியதில்லை. மதுரையிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் பேரப்பிள்ளைகளைக் காண வந்திருக்கும் உங்கள் பெற்றோர் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கின்றனர். நீங்கள் ஆக்கிய செயலியை அவர்கள் கையில் கொடுங்கள். கைப்பேசியைப் பிடுங்காதீர்கள், "அங்கே அழுத்துங்கள் அம்மா" என்று சொல்லாதீர்கள். வாய் திறவாமல் பத்து நிமிடம் பாருங்கள். அவர் விரல் தயங்கும் இடமெல்லாம் உங்கள் வேலை முடியாத இடம்.

பெரியோர்களே! உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். இனிமேல் "எனக்குத் தெரியவில்லை" என்று கூறாதீர்கள். "இது விளங்கும்படி இல்லை" என்று கூறுங்கள். இவ்விரண்டு தொடர்களுக்கும் இடையே உள்ள தொலைவு பெரிது. முன்னது உங்களைத் தாழ்த்துகிறது. பின்னது கருவியைத் திருத்துகிறது.

உழுதவர்களே உரிமையாளர்களாகி ஊர் அமைத்த மண் இது. பயன்படுத்துவோரின் குரலும் கேட்கப்பட்டே கருவிகள் அமையட்டும்.