நுரை நிக்கலையா? சோப்பைத் திட்டுறதுக்கு முன்னாடி தண்ணியைப் பாருங்க

இன்பாக்ஸ்ல திரும்பத் திரும்ப வர்ற கேள்வி இது: "ப்ரோ, கையால செஞ்ச ஷேவிங் சோப் வாங்கினேன். வாசனை அட்டகாசம். ஆனா நுரை ரெண்டு நிமிஷம்கூட நிக்கல, பிளேடு இழுக்குது. ஏமாந்துட்டேனா?"

சோப் நல்லதாவே இருக்கலாம். உங்க பாத்ரூம் குழாய்ல என்ன தண்ணி வருதுன்னு முதல்ல பார்க்கணும்.

என் ஊர் ஸ்ரீவைகுண்டம். தாமிரபரணியோட கடைசி அணைக்கட்டு எங்க ஊர்லதான் இருக்கு. பொதிகையில இருந்து இறங்கி வர்ற ஆத்துத் தண்ணியில சோப்பைத் தொட்டாலே நுரை வந்துரும். அங்கிருந்து 40 கிலோமீட்டருக்குள்ள தூத்துக்குடி. உப்பளங்கள் இருக்குற ஊர். கடலோரத்துல போர் போட்டா பல இடத்துல உப்புத் தண்ணிதான். அதே சோப், அதே பிரஷ், அங்க வேற மாதிரி நடந்துக்கும். சென்னையில போர் தண்ணியையும் டேங்கரையும் நம்பி இருக்கவங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்ல.

காரணம் என்னன்னா, நாம "உப்புத் தண்ணி"ன்னு சொல்ற பல தண்ணியில கால்சியமும் மெக்னீசியமும் அதிகமா இருக்கும். சோப்போட கொழுப்பு அமிலத்தை இந்த ரெண்டும் பிடிச்சுக்கிட்டு, கரையாத ஒரு பொருளா மாத்திடும். வாளி ஓரத்துல படியுற வெள்ளைப் பிசுக்கு அதுதான். நுரையாக வேண்டிய சோப்புல ஒரு பங்கு அப்படிப் பிசுக்காப் போயிடுது. லிட்டருக்கு 120 மில்லிகிராமைத் தாண்டினாலே அதைக் கடின நீர்னு சொல்லுவாங்க. நம்ம குடிநீர்த் தரத்துல ஏத்துக்கத்தக்க அளவே 200. வேற வழியில்லன்னா 600 வரைக்கும் அனுமதி. அதாவது, குடிக்கத் தகுதியான தண்ணிகூட ஷேவிங் சோப்புக்குக் கஷ்டமான தண்ணியா இருக்கலாம்.

ரிவ்யூ போடுறவங்க "நுரை 10க்கு 9"னு மார்க் போடுவாங்க. எந்தத் தண்ணியில அடிச்ச நுரைன்னு பெரும்பாலும் சொல்றதில்ல. நம்ம ஆபீஸ் பாஷையில சொன்னா, "என் மெஷின்ல ஓடுதே"ங்கிற கதைதான்.

இப்ப சோப்புக்குள்ள என்ன இருக்குன்னு பார்ப்போம். குளிக்கிற சோப்புக்குக் கட்டியா நிக்கணும். அதுக்கு சோடியம் காரம். ஷேவிங் சோப் பிரஷ்ல சட்டுனு கரையணும். அதனால பொட்டாசியம் காரம் முக்கியமா வரும். கொழுப்புல ஹீரோ ஸ்டியரிக் அமிலம். குட்டிக் குட்டிக் குமிழி, தயிர் மாதிரி கெட்டியான நுரை, சீக்கிரம் உடையாது. நம்ம ஆளுங்க கோகம் வெண்ணெய் சேர்க்கிறதுக்குக் காரணமும் அதுல ஸ்டியரிக் அதிகம்ங்கிறதுதான். விளக்கெண்ணெய் நுரையைத் தாங்கிப் பிடிக்கும். கிளிசரின் ஈரத்தைப் பிடிச்சு வைக்கும்.

தேங்காய் எண்ணெய்க்கு ஒரு தனிக் குணம் இருக்கு. அதுல செஞ்ச சோப் கடல் தண்ணியிலகூட நுரைக்கும்; கப்பல்ல போறவங்களுக்குன்னே அப்படிச் சோப் செஞ்சிருக்காங்க. ஆனா பெரிய குமிழி, சீக்கிரம் அடங்கிடும், சருமமும் வறண்டு போகும். ஷேவிங்குக்கு அது துணை நடிகரா இருந்தாப் போதும்.

"கெமிக்கல் இல்லாத சோப்"னு ஒண்ணு கிடையாது, மக்களே. காரம் இல்லாம சோப்பே இல்ல. சரியான அளவுல செஞ்சா அந்தக் காரம் முழுக்க சோப்பா மாறிடும், அவ்வளவுதான். லேபிள்ல "இயற்கை"ங்கிற வார்த்தையைத் தேடாதீங்க. பொருள் பட்டியல் இருக்கா, தயாரிப்பு உரிம எண் இருக்கான்னு பாருங்க.

அடுத்து வாசனை. இந்தச் சோப்பை விக்கிறதே அதுதான். எலுமிச்சை, ஆரஞ்சு வாசனை மூடியைத் திறந்ததும் மூக்கைத் தூக்கும், ஆனா முதல்ல ஆவியாப் போறதும் அதுதான். சந்தனம், வெட்டிவேர் மாதிரி கனமானவை கடைசி வரைக்கும் நிக்கும். வெட்டிவேருக்குப் பிரெஞ்சுல என்ன பேர் தெரியுமா? வெத்திவேர். நம்ம தமிழ் வார்த்தைதான் அங்க போய் உலகத்துக்கே பேராச்சு. வெளிநாட்டுப் பெர்ஃப்யூம்காரங்க 'தவனா'ன்னு கொண்டாடுறது நம்ம ஊர்ப் பூக்கடை மரிக்கொழுந்து. மரிக்கொழுந்து வாசனையில ஒரு ஷேவிங் சோப் கிடைச்சா நான் முதல் ஆளா வாங்குவேன்.

ஒரு எச்சரிக்கை. பிளேடு பட்ட சருமம் வாசனைப் பொருளை எளிதா உள்ள விடும். இயற்கை எண்ணெய்னாலும் அலர்ஜி வரலாம். கிராம்பு, பட்டை எண்ணெய்ல கூடுதல் கவனம் வேணும். முழங்கை உள்பக்கம் கொஞ்சம் நுரை தடவிக் கழுவிட்டு, ரெண்டு நாள் பார்த்துட்டு முகத்துக்குப் போங்க. வாசனை பலமா இருக்குறதுக்கும் ஷேவ் நல்லா வர்றதுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல.

சரி, தீர்வு? ரெண்டு காலி பாட்டில் எடுங்க. ஒண்ணுல ஆர்.ஓ. தண்ணி, இன்னொண்ணுல குழாய்த் தண்ணி, ஒரே அளவு. ரெண்டுலயும் கடுகளவு சோப் போட்டு ஒரு நிமிஷம் குலுக்கி, அஞ்சு நிமிஷம் வைங்க. ஆர்.ஓ. பாட்டில்ல நுரை நின்னு, இன்னொண்ணு பால் மாதிரி கலங்கிக் கிடந்தா வில்லன் தண்ணிதான். ரெண்டுலயும் நிக்கலன்னா சோப்பைத் தாராளமாத் திட்டலாம். டி.டி.எஸ். மீட்டரை மட்டும் நம்பாதீங்க. அது கரைஞ்சிருக்குற எல்லாத்தையும் சேர்த்துக் காட்டும், கடினத்தன்மையைத் தனியாச் சொல்லாது.

வில்லன் தண்ணின்னா, நுரை அடிக்க மட்டும் ஒரு டம்ளர் ஆர்.ஓ. தண்ணி போதும். முகம் கழுவக் குழாயே சரி. புதுசா வாங்குறப்போ பட்டியல்ல சோடியம் சிட்ரேட், இ.டி.டி.ஏ. மாதிரி பேர் இருந்தா நல்லது. கால்சியத்தைப் பிடிச்சு வைக்கிறதுதான் அதோட வேலை.

சின்ன அளவுல சோப் செய்யுறவங்களுக்கு ஒரு கெட்ட ரிவ்யூ பெரிய அடி. அதனால ஒரு ஸ்டார் போடுறதுக்கு முன்னாடி அந்தப் பாட்டிலை ஒரு நிமிஷம் குலுக்கிப் பாருங்க. ரிசல்ட் என்னன்னு எனக்கு அனுப்புங்க. எந்த ஏரியா தண்ணின்னு சேர்த்துச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம். வரட்டா!